கடலுக்குப் போன சாவி

இந்த வருசம் பாவாத்தாளைக் கடலுக்குக் கூட்டிப் போய்விடுவது என்று சென்னியப்பன் முடிவு செய்தார். சும்மா இல்லை. போய்த் திரும்பிய பிறகு அவள் ஆயுசுக்கும் கடல் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அப்படி ஒரு கடலாகப் பார்த்துக் காட்டுவது.

கணபதி என்கிற பகுதியில் அவருக்கு ஒரு லேத் பட்டறை. கீழே பட்டறை, ஒட்டினாற்போல வீடு, மாடியில் ஒரே ஓர் அறை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூரில் தங்கியது கிடையாது. கேட்டால், "நல்ல தண்ணி உடற நாளுங்க" என்பார். குழாயில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாததால், எல்லா நாளும் அவருக்குத் தண்ணி விடுகிற நாள்தான்.

பாவாத்தாள் அவரிடம் இத்தனை வருசத்தில் கேட்டது இரண்டே இரண்டு. ஒன்று, கடலோரத்தில் இரண்டு நாள் தங்க வேண்டும். அதற்கு அவர், "உப்புத் தண்ணிதான அம்மணி, அது நம்ம போர்லயே வருது" என்பார். இன்னொன்று, மாடி அறையைக் காலி செய்து தர வேண்டும். அதைக் கேட்டால் அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்விடுவார்.

மாடி அறையில் என்ன இருந்தது என்று கேட்பதைவிட என்ன இல்லை என்று கேட்பது சுலபம். செத்துப்போன மோட்டார்கள், உடைந்த பம்பு உடல்கள், கல் இல்லாத கிரைண்டர், கிரைண்டர் இல்லாத கல், எந்தக் காலத்திலோ வாங்கிய டிவியின் அட்டைப்பெட்டி, அந்த அட்டைப்பெட்டிக்குள் வேறு அட்டைப்பெட்டிகள். சாமான் பெருகப் பெருக, உள்பக்கமாகத் திறந்துகொண்டிருந்த கதவு திறக்க இடமில்லாமல் போயிற்று. சென்னியப்பன் சாமானை எடுக்கவில்லை. கதவை எடுத்தார். வெளிப்பக்கம் திறக்கும்படி திருப்பி மாட்டினார். கீல்களுக்கு ஆணிகளைத் தன் லேத்திலேயே கடைந்து, தலையில் அழகாக ஒரு குமிழ் வைத்தார். இரண்டு விரலால் தூக்கினால் ஆணி வழுக்கிக்கொண்டு மேலே வரும், எண்ணெய் விட்டுத் திரும்பப் போடலாம். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப் போய்த் தூக்கிக் காட்டுவார். பக்கத்து வீட்டு வெங்கடபதி அதைப் பலமுறை பார்த்துப் பலமுறை வியந்திருக்கிறார்.

அந்த இரும்பில் ஒரு துண்டுகூட அவருக்குத் தேவையில்லை. தேவைப்பட்டதெல்லாம் அறை நிறைந்திருப்பதுதான். அறை காலியானால் அடுத்த பஸ்ஸில் மாசாணியம்மாள் வந்து இறங்கிவிடுவார்.

மாசாணியம்மாள் பாவாத்தாளின் அக்கா, சென்னியப்பனுக்கு நங்கையாள் முறை. காங்கேயத்தில் தனியாக இருந்தார். புருசன் இல்லை, ஒரே மகன் பெங்களூரில். போன தைப்பொங்கலுக்கு வந்து கொஞ்ச நாள் தங்கினார். அந்தக் கொஞ்ச நாளில் சென்னியப்பன் இளைத்துப் போனார். அவருக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை இருப்பதாலேயே தினமும் சாயங்காலம் பேக்கரிக்குப் போய் ஒரு டீயும் ஒரு தேங்காய்ப் பன்னும் சாப்பிடுகிற ரகசியமும் உண்டு. பல வருசம் கூடவே இருந்த பாவாத்தாள் கண்டுபிடிக்காததை, அல்லது கண்டுபிடித்தும் சொல்லாததை, நங்கையாள் வந்த மறுநாளே வாசலில் நிறுத்திக் கண்டுபிடித்துவிட்டார். "மாப்பிள்ளை சட்டையில தேங்காய்ப்பூ ஒட்டியிருக்குது" என்றார். அன்றைக்குச் சட்டையில். அடுத்த நாள் மீசையில். அதற்கடுத்த நாள் ஒட்டவே இல்லை. வாசத்திலேயே பிடித்துவிட்டார்.

ஆகவே சென்னியப்பன் கணக்காக யோசித்தார். இரண்டு ஆசையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மற்றதை நிம்மதியாக மறுக்கலாம். கடலைக் கொடுப்பது நங்கையாளைக் கொண்டுவருவதைவிட மேல். ஆனால் கடல் பிடித்துப்போய்விட்டால் வருசா வருசம் கேட்பாளே? அதனால் கொடுக்கிற கடல் மட்டமான கடலாக இருக்க வேண்டும்.

உலகமே போனில் ஐந்து நட்சத்திரம் தேடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒற்றை நட்சத்திரம் தேடினார். பாலக்காட்டைத் தாண்டி, மலையாளக் கரையில் ஒரு சின்ன ரிசார்ட் கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே போர்டிலேயே பாதி எழுத்தைக் காணோம். தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதியிருந்ததை அவர் ஆனந்தமாகப் படித்தார். 'நீச்சல் குளத்தில் தவளை' என்று ஒருவர். 'தவளைதான் நன்றாக இருக்கிறது' என்று அடுத்தவர். இன்னொருவர், 'கடல் எங்கே?' என்று மட்டும் கேட்டிருந்தார். சென்னியப்பன் அப்போதே அறை போட்டுவிட்டார்.

பாவாத்தாளிடம் நிபந்தனையையும் வைத்தார். கடலுக்குப் போய்விட்டு வந்தால் மாடி ரூம் பேச்சையே எடுக்கக் கூடாது. அவள் கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நானு எடுக்கமாட்டனுங்க" என்றாள்.

அவ்வளவுதான். சண்டையில்லை, முகச்சுளிப்பில்லை. அங்கேதான் அவருக்கு முதல் சந்தேகம் முளைத்தது.

சந்தேகம் வந்தால் சென்னியப்பன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மாடி அறைக்கு ஒரு பெரிய பூட்டு வாங்கிப் போட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் முடிந்துகொண்டார். வெங்கடபதியைத் தனியாகக் கூப்பிட்டு, தினமும் காலையில் மாடி ஏறிப் போய்ப் பூட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"பூட்டைங்களாண்ணா?" என்றார் வெங்கடபதி.

"பூட்டைத்தானுங்க."

"அனுப்பிப்போடறனுங்க" என்றார் அவர். அவர் சொன்ன சொல்லை மீறாத மனிதர்.

புறப்படுகிற அன்று பாவாத்தாளின் பை கல்லாகக் கனத்தது. திறந்து பார்த்தார். சேலைகளுக்கு அடியில் அரிசி, துவரம்பருப்பு, ஒரு டப்பாவில் நெய். கடலுக்குப் போகிறவளுக்கு அரிசி எதற்கு? கேட்டதற்கு, "இருக்கட்டுமுங்க" என்றாள். இரண்டாவது சந்தேகம்.

ரிசார்ட் அவர் நம்பிக்கையைக் காப்பாற்றியது. நம்பியதைவிட மோசமாகவே இருந்தது. கடற்கரையைக் கடல் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. மிச்சத்தைத் தின்னாமலிருக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். கடல் தெரியும் அறை என்று போட்டிருந்தது உண்மைதான். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால், மேலே இருந்த காற்றுத் துளை வழியாக, எதிரே காயப்போட்ட வேட்டிக்கும் தென்னைமரத்துக்கும் நடுவில் ஒரு கீற்றுக் கடல் தெரிந்தது. ஏசியைப் போட்டால் அவருடைய பழைய லேத் ஓடுகிற சத்தம் வந்தது. சுவரில் பச்சையாகப் பாசி பூத்திருந்தது. தலையணையில் முந்தைய தலைகளின் எண்ணெய்.

அங்கே மேனேஜர், சமையல்காரர், தோட்டக்காரர், தவளை விரட்டுகிறவர் எல்லாமே ஜெரோம் என்ற ஒரே ஆள்தான். மெலிந்த, சிரித்த முகம். என்ன குறை சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "நாளைக்குச் சரியாகும் சார்." விசிறி நாளைக்குச் சரியாகும். வெந்நீர் நாளைக்கு வரும். கடல்கூட நாளைக்குக் கொஞ்சம் கிட்டே வரலாம் என்பதுபோல அவர் பார்த்தார்.

சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்து, பாவாத்தாள் எப்போது அழுவாள் என்று காத்திருந்தார்.

அவள் அழவில்லை. சுவர்ப் பாசியைத் தடவிப் பார்த்துவிட்டுக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள். ஏசி சத்தத்தில் வீட்டில் இருப்பதுபோலவே தூக்கம் வருகிறது என்றாள். வாளிமேல் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு இறங்கி, "உங்களுக்கும் ஒருக்கா புடிச்சுக்கட்டுங்களா வாளியை?" என்று கேட்டாள்.

பொறுக்க முடியாமல் அவரே குறை சொல்லத் தொடங்கினார். தலையணை நாறுகிறது என்றார். அவள் தன் துண்டை விரித்துக் கொடுத்தாள். குழம்பில் உப்பு என்றார். கடலோரம் அப்படித்தான் இருக்கும் என்றாள். பொழுது சாய்வதற்குள், இந்த ஊரில் யார் யாரை எதற்குக் கூட்டி வந்தோம் என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது. இடத்தைத் தேடிப் பிடித்தவர் அவர். வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

அதைவிட, அவள் பார்வை அடிக்கடி அவர் இடுப்புக்கு வந்து போனது. அவர் உடனே வேட்டியோடு சேர்த்துச் சாவியைப் பிடித்துக்கொள்வார். பிடித்தபடியே நடப்பார், பிடித்தபடியே சாப்பிடுவார்.

"வயிறு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்றாள். பதில் வருவதற்குள் ஓமத் தண்ணீரைக் கொண்டுவந்து குடிக்க வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில், கடலில் ஒரு முழுக்குப் போட்டால் நல்லது என்று அவளே சொன்னாள். மூன்றாவது சந்தேகம். முழுக்குப் போடுகிறவன் இடுப்பில் இருப்பதைக் கழற்றிக் கரையில் வைப்பான். வைத்தால்? சென்னியப்பன் கழற்றவில்லை. கருங்கல் இடுக்கில் இறங்கி, ஒரு கையால் கல்லையும் ஒரு கையால் சாவியையும் பிடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நின்றார். ஒரு அலை வந்து அவரை மணலில் உருட்டி, வாய் நிறைய உப்பைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. எழுந்து முதலில் சாவியைத் தடவினார். இருந்தது. பிறகுதான் பல்செட்டைத் தேடினார். அதுவும் இருந்தது.

போனில் சிக்னல் அந்தக் கருங்கல் வரிசையில் மட்டும்தான் கிடைத்தது. ஒரு கோடியில் அவர் உட்கார்ந்து வெங்கடபதி அனுப்பிய படத்தைப் பார்ப்பார். மறு கோடியில் பாவாத்தாள் அக்காவோடு பேசிக்கொண்டிருப்பாள். படத்தில் பூட்டு திரை நிறைய இருந்தது. கீழே, 'காலை வணக்கம். பூட்டு நலம்' என்று எழுதி ஒரு ரோஜாப் பூவும் போட்டிருந்தார். அந்தப் பக்கமிருந்து காற்று பாவாத்தாளின் பேச்சைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தது. நல்ல காற்று என்றாள். ஜன்னல் என்றாள். நாளை சாயங்காலம்தான் வருவோம் என்றாள். இங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கோழிக்கூண்டு. அதில் என்ன நல்ல காற்று? சென்னியப்பன் எழுந்தார். இன்றைக்கே, மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிட வேண்டும்.

அவள் மறுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். சமையலறைப் பக்கம் போய் ஜெரோமிடம் தணிந்த குரலில் ஏதோ பேசினாள். சென்னியப்பன் வாழைமரத்துக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். சீரகம் என்ற ஒரு சொல் மட்டும் விழுந்தது. அதில் என்ன சதி இருக்க முடியும் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சாப்பாட்டு மேஜைக்கு வந்ததும் பிடிபட்டது. அரிசிம்பருப்புச் சாதம். தன் வீட்டு அரிசி, தன் வீட்டுப் பருப்பு, சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கிய மணம், மேலே குழியாக்கி நெய். நேற்றிலிருந்து உப்புக் குழம்பு தின்ற நாக்கு. சந்தேகம் இருந்தது. சந்தேகத்தோடே சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் சந்தேகத்தோடே வாங்கிக்கொண்டார். கட்டிலில் சற்றே சாய்ந்தார். கண் விழித்தபோது வெயில் தென்னைக்குக் கீழே இறங்கியிருந்தது. ரயில் பாலக்காட்டைத் தாண்டியிருக்கும்.

"எழுப்பப்படாதா?"

"நல்லா அசந்து தூங்குனீங்க. மனசு வல்லீங்க."

சாயங்காலம் இருவரும் கருங்கல்லில் உட்கார்ந்தார்கள். மேகம் விலகி, வெயில் தண்ணீரின்மேல் நீளமாகப் படுத்திருந்தது. பாவாத்தாள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, அலை வந்து தொடுகிற கல்லில் பாதங்களை வைத்துக்கொண்டிருந்தாள். வெடிப்பு விழுந்த பாதங்கள். அலை வரும்போதெல்லாம் விரல்களை மடக்கிக்கொண்டாள், போனதும் விரித்தாள். இந்த விளையாட்டு அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்கு இத்தனை நாள் தெரியாது.

"நெசமாலுமே புடிச்சிருக்குதா உனக்கு, இந்த இடம்?" என்று கேட்டார்.

அவள் பாதங்களை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். "இத்தனை தண்ணியை ஒண்ணாப் பாத்ததில்லீங்க. ஆரும் மோட்டாரு போடாமயே வந்துட்டே இருக்குது."

அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஆனா இந்தச் சத்தம், ரெண்டு பேரா உக்காந்து கேட்டா நல்லாருக்குது. ஒத்தையில கேக்க முடியாதுங்க" என்றாள். "எங்கக்கா பொழுது சாஞ்சா போனைப் போடுது. போட்டுட்டு ஒண்ணும் பேசறதில்லை. நானும் பேசறதில்லை. அது பாட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கும்."

மேலே அவள் எதுவும் கேட்கவில்லை. மாடி அறையைச் சொல்லவில்லை. சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

சென்னியப்பனுக்கு, 'உங்கக்காவை வந்து இருக்கச் சொல்' என்ற ஒரு வரி நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. சொல்ல வாயைத் திறந்து முன்னால் குனிந்தபோது இடுப்பில் சாவி குத்தியது. தேங்காய்ப் பன் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார். அலை வந்து போயிற்று. பாவாத்தாள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளம்புகிற நாள் காலையில் வந்த படத்தில் பூட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. இது ஏன் என்று அவர் கேட்டதற்கு, 'வெள்ளிக்கிழமைங்கண்ணா' என்று பதில் வந்தது. சரிதான், வெள்ளிக்கிழமைதான். பட்டறையில் அவரும் லேத்துக்கு வைப்பார். ஆனாலும் பூட்டுக்குப் பூஜை செய்கிற அளவுக்கு வெங்கடபதிக்கு எப்போதிலிருந்து பக்தி வந்தது? ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். பாவாத்தாள் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். ரிசார்ட்டுக்குத் தன் போனில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுத் தூங்கியிருந்தாள். ஜெரோம் கண்கலங்கிக் கும்பிட்டு அனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் சென்னியப்பன் பையைக்கூட இறக்கவில்லை. நேராக மாடிப்படி ஏறினார். பாதிப் படியிலேயே பூட்டு தெரிந்தது. தொங்குகிறது. அசையவில்லை. போட்டது போட்டபடி, சந்தனக் குங்குமத்தோடு. இடுப்பைத் தொட்டார். சாவியும் இருந்தது. அவருக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று. மிச்சப் படிகளைச் சிரித்துக்கொண்டே ஏறினார்.

மேலே ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. கதவு பூட்டின் பக்கம் மூடியிருந்தது. கீல் பக்கம் திறந்திருந்தது. அவர் கடைந்த ஆணிகள், குமிழ்த் தலையோடு, கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாக, எண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தன.

அந்த இடைவெளிக்குள் பார்த்தார். வெள்ளையடித்த சுவர். திறந்த ஜன்னல். ஒரு மடக்குக் கட்டில். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, மாசாணியம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பின்னால் வெங்கடபதி ஒரு துணியால் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெங்கடபதி, நானு என்னங்க சொல்லிட்டுப் போனேன்?"

"பூட்டைப் பாத்துக்கச் சொன்னீங்கண்ணா" என்றார் அவர். "ஒரு கை படலீங்க. சாமானெல்லாம் எடுத்து வெளிய போடறப்பக்கூட அந்தப் பக்கம் ஆரையும் சேத்தலை. நல்ல சாமானைப் பட்டறையில அடுக்கியாச்சுங்க. மீதிதான் பழைய இரும்புக்கடைக்குப் போச்சு."

சென்னியப்பன் படிப்பக்கம் திரும்பினார். பாவாத்தாள் பையோடு மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"ரூம் பேச்சை நானு எடுத்தனுங்களா?"

எடுக்கவில்லை. அதை மறுக்க முடியாது.

"இந்தக் கீலு ஆணி எத்தனை நல்லா ஓடுதுன்னு எங்கக்காளுக்கு நெம்ப ஆச்சரியமுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய அந்தச் சந்தில் பக்கவாட்டாக நுழைந்து, அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருப்பதில் அத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

மாசாணியம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "வாங்க மாப்பிள்ளை. சாவி உங்ககட்டத்தான் இருக்குதாமா. அந்தப் பூட்டைக் கழட்டி உட்டுப்போட்டு, ஆணியை மாட்டீட்டீங்கன்னா கதவு ஒழுங்காத் தொறக்கும். ஒறம்பரைன்னு நாலு பேரு வந்தா இந்தச் சந்துல நுழையச் சங்கடமுங்க."

ஊரார் பூட்டியதல்ல. அவரே பூட்டியது. அவரேதான் திறந்துவிட வேண்டும். சென்னியப்பன் அரைஞாண் கயிற்றை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். பூட்டுக்குள் நுழைத்தார். திருப்பினார். உள்ளே நறநறவென்று மணல் அரைத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பினார். கடலில் முழுகி எழுந்த சாவி, பாதிக்குப் போய் அப்படியே இறுகி நின்றுவிட்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

உள்ளேயிருந்து நங்கையாளின் குரல் வந்தது.

"சிரமப்படாதீங்க மாப்பிள்ளை. எங்களுக்கு இந்தப் பக்கமே பழகிப்போச்சு."